கோலாலம்பூரிலிருந்து காத்தோங் வரை

நம்மிற் சிலருக்குச் சிங்கப்பூரின் காத்தோங் பகுதியில் உறவினர் உளர். 1965-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனிநாடாகியது முதல், அவர்களைக் காண நாம் எல்லை கடக்க வேண்டியுள்ளது.

மாணவச் செல்வங்களே! கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சாலைவழி ஏறத்தாழ 350. மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் விமானம் 23 நிமிடங்களுக்குள் சென்றடைய வேண்டுமன்றோ? ஆயினும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகின்றது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், தாழ்ந்து இறங்கவும் நேரம் வேண்டும். முழு வேகத்திற் பறப்பது சிறிது நேரமே.

பெற்றோர்களும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து செப்பாங் விமான நிலையத்தை அடைய 1 மணி. அங்குக் காத்திருக்க 2 மணி. பறக்க 1 மணி. குடிநுழைவுச் சோதனை முடித்துச் சாங்கியிலிருந்து காத்தோங் சேர 1 மணி. ஆக, 5 மணி! ஜொகூர் பாலத்தில் நெரிசல் இல்லையேல், பேருந்தும் 5 அல்லது 6 மணியிற் சேர்த்துவிடும். விடுமுறைக் காலங்களில் அவ்வாறு நம்ப இயலாது.

உறவினர் நோயுற்றார் எனச் செய்தி வருங்கால், பயணச்சீட்டிலுள்ள நேரத்தை மட்டும் பாராது, வாசல் முதல் வாசல் வரை கணக்கிடுவோம். கடப்பிதழ் காலாவதியாகியிருப்பின் எவ்வழியும் அடைபட்டதே. ஆதலின், அதனை இன்றே எடுத்துப் பார்ப்போமாக.