கல்விக்கூடமும் தொழிற்கூடமும்

சிறுதொழில் தொடங்க விழைவோருக்குப் பணம் மட்டும் போதுமா? பொருளைச் செய்ய இடம் வேண்டும், கருவிகள் வேண்டும், கணக்கும் சட்டமும் அறிந்தவரின் வழிகாட்டுதல் வேண்டும். இவை அனைத்தையும் தனியொருவர் விலை கொடுத்துப் பெறுதல் அரிது. பல்கலைக்கழகத்திடம் அறிவும் வசதிகளும் உள்ளன. மக்கள் அமைப்புகளிடம் அப்பகுதி மக்களின் நம்பிக்கை உள்ளது. இவ்விரண்டும் ஓரிடத்தில் இணையும்போது சிறுதொழில் வேரூன்றுகிறது. எனினும், அந்த இடம் யாருக்குரியது என்னும் வினாவுக்கு முதலில் விடை காண வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் அவ்விடையைப் பட்டறிந்தே கற்றது.

இடம் பெயர்த்த வளர்ச்சி

பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் வேறு சில உயர்கல்வி நிறுவனங்களும் மேற்குப் பிலடெல்பியாவில் அருகருகே அமைந்துள்ளன. ஆய்வில் கண்டவற்றைத் தொழில்களாக மாற்றும் நோக்குடன் 1963ஆம் ஆண்டில் அங்கு அறிவியல் மையம் ஒன்று நிறுவப்பட்டது. கல்வி நிறுவனங்களும் மருத்துவமனைகளும் அதன் பங்குதாரர்கள் ஆயின.

நோக்கம் உயர்ந்ததே. ஆனால், அம்மையத்திற்கான நிலம் வெற்றுநிலம் அன்று. 'பிளாக் பாட்டம்' என்று அழைக்கப்பட்ட அப்பகுதியில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பெருமளவில் வாழ்ந்துவந்தனர். நகரச் சீரமைப்பு என்னும் பெயரில் அவர்களின் வீடுகளும் சிறு கடைகளும் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். புதிய தொழில்களுக்கு இடம் தேடிய முயற்சி, ஏற்கெனவே இருந்த சிறுதொழில்களின் இடத்தைப் பறித்தது.

இதனை எதிர்த்து 1969ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டடத்தினுள் ஆறு நாள்கள் அமர்ந்து அறவழியில் போராடினர். அப்பகுதி மக்களும் அவர்களுக்குத் துணைநின்றனர். நிலம் குறித்த முடிவுகளில் மக்களின் குரலுக்கும் இடம் வேண்டும் என்பது அப்போராட்டத்தின் சாரம்.

கதவு திறந்த அரங்கம்

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1989ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்த சிறுதொழில் வளர்ச்சி மையம், 'எண்டர்பிரைஸ் சென்டர்' என்னும் அமைப்பைத் தொடங்கியது. சிறுபான்மை இனத்துத் தொழில்முனைவோருக்குத் துணைசெய்வதே அதன் பணி. பின்னர் அது இலாப நோக்கமற்ற தனி அமைப்பாக வளர்ந்தது.

அவ்வமைப்பு தனக்கெனப் பெற்ற கட்டடம் ஒரு பழைய தொலைக்காட்சி அரங்கம் ஆகும். 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்னும் புகழ்பெற்ற இசை நிகழ்ச்சி, 1950களில் அங்கிருந்துதான் ஒளிபரப்பானது. அந்நாளில் கறுப்பின இளையோர் அந்நிகழ்ச்சிக்குள் நுழைய இயலாதவாறு பலவகையில் தடுக்கப்பட்டனர். அதே அரங்கம் பிற்காலத்தில் அவர்கள் வழிவந்தோருக்குத் தொழில் கற்பிக்கும் கூடமாயிற்று.

அனைவருக்கும் ஒரு சமையற்கூடம்

2012ஆம் ஆண்டில் இவ்வமைப்பு, மூடிக்கிடந்த பல்பொருள் அங்காடி ஒன்றைப் பொதுச் சமையற்கூடமாக மாற்றியது. இதன் தேவையை எண்ணிப் பார்ப்போம். ரொட்டி சுட்டு விற்க விரும்பும் ஒருவருக்கு முறையான சமையற்கூடம் தேவை. பெரிய அடுப்பு, குளிர்பதன அறை, புகைபோக்கி ஆகியவற்றை அமைக்கப் பெருந்தொகை தேவை. விற்பனை தொடங்கும் முன்பே அவர் கடனாளி ஆகிவிடுவார். பொதுச் சமையற்கூடத்திலோ தமக்கு வேண்டிய நேரத்திற்கு மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். காலையில் ஒருவர் சமைத்த மேடையில் மாலையில் மற்றொருவர் சமைப்பார். விலை நிர்ணயம், கணக்கு, உரிமம் ஆகியவற்றில் பயிற்சியும் கிடைக்கும்.

ஒரு கருவியைப் பலர் பகிரும்போது ஒவ்வொருவரின் செலவும் குறைகிறது. தோல்வி நேர்ந்தாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும். மீண்டும் முயலத் துணிவு பிறக்கும். கற்பிக்கும் பக்கத்திற்கும் இதில் பயன் உண்டு. நூலில் படித்த வணிகவியல், உண்மையான ஒரு கடையின் வரவுசெலவில் எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர்கள் நேரில் காண்கின்றனர்.

நம் மண்ணில்

தமிழ்நாட்டிலும் இதற்கான வித்து ஊன்றப்பட்டுள்ளது. திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியைச் சார்ந்து 1986ஆம் ஆண்டில் அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்கா உருவானது. அக்கல்லூரியே இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஆகும். மறுபுறம், 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டு, மாநிலம் முழுவதும் பரவின. ஒன்றிடம் கருவியும் ஆய்வும் உள்ளன. மற்றொன்றிடம் உழைப்பும் ஒற்றுமையும் உள்ளன.

ஊறுகாயும் சத்துமாவும் செய்யும் ஒரு மகளிர் குழு, அருகிலுள்ள கல்லூரியின் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தை அணுகுவதாகக் கொள்வோம். அப்பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை அங்கு அறியலாம். அதனை உறையில் முறையாக அச்சிடலாம். வகுப்பு முடிந்தபின் பூட்டிக்கிடக்கும் அறை, ஓர் ஊரின் வருவாய்க்கு வழியாகும். அவ்வறையை எப்போது திறப்பது, யார் பயன்படுத்துவது, கட்டணம் எவ்வளவு என்பவற்றை இரு தரப்பினரும் கூடிப் பேசி முடிவுசெய்தல் வேண்டும். கொடுப்பவர், பெறுபவர் என்ற வேறுபாடின்றி இருவரும் உரிமையோடு அமரும் இடமே பகிர்ந்த இடம். பிலடெல்பியா தரும் பாடமும் அதுவே.