நூற்புழுவிடம் மரபியல் படிக்கலாம்

மெண்டலின் பட்டாணிச் செடியை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். கட்டம் போட்டு, எழுத்துகளை நிரப்பி, மூன்றுக்கு ஒன்று என விடையும் கண்டிருப்போம். ஆனால் அந்த மூன்றையும் ஒன்றையும் கண்ணால் எண்ணிப் பார்த்தவர்கள் அரிது. செடி வளர்ந்து, பூத்து, காய்த்து, பேரப்பிள்ளைகள் தலைகாட்டும்வரை எந்த வகுப்பு காத்திருக்கும்?

சி. எலிகன்ஸ் என்னும் நூற்புழு அவ்வளவு நாள் காக்க வைக்காது. 20 டிகிரி வெப்பத்தில் முட்டையாக இருந்தது மூன்றரை நாளில் தானே முட்டையிடத் தொடங்கிவிடும். நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். உடல் கண்ணாடிபோல் தெளிவு. உள்ளே இருக்கும் முட்டைகள்கூடத் தெரியும். அழுகும் பழங்களில் நுண்ணுயிரிகளைத் தின்று வாழ்வது, நமக்கு எந்தத் தீங்கும் செய்யாதது. ஆய்வகத்தில் அகர் தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவைப் படர விட்டால் அதற்குச் சாப்பாடு தயார். முனை தட்டையான பிளாட்டினம் கம்பியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, கொஞ்சம் பாக்டீரியாவைத் தொட்டுக்கொண்டு புழுவின்மேல் ஒற்றினால் ஒட்டிக்கொண்டு வரும்.

இவற்றில் பெரும்பாலானவை இருபாலுயிரிகள். விந்தணுவும் முட்டையும் ஒரே உடலில் இருப்பதால் துணையில்லாமலே ஏறக்குறைய 300 குஞ்சுகளை ஈனும். இருபாலுயிரிக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. செல் பிரியும்போது ஒன்று தவறிப்போனால் ஆண் பிறக்கும். ஆயிரத்தில் ஒன்றுதான் அப்படி.

இனி சோதனை. ‘டம்ப்பி’ எனப்படும் குட்டைத் தடித்த புழுக்களில், இன்னும் முழு வளர்ச்சி அடையாத இருபாலுயிரி ஒன்றை எடுத்து, இயல்பான ஆண்கள் சிலவற்றோடு ஒரே தட்டில் விடுகிறோம். கலப்பில் பிறந்தவை எல்லாம் இயல்பான நீளத்தில் இருக்கும், அவற்றில் பாதி ஆண்களாக இருக்கும். கலப்பு நடந்ததற்கு அந்த ஆண்களே சாட்சி. தன்னிடம் தானே கருவுற்றிருந்தால் குட்டைகளே பிறந்திருக்கும், ஆண்களைக் காண்பதே அபூர்வம். அடுத்து, இந்தப் பிள்ளைகளில் ஒரே ஒரு இளம் இருபாலுயிரியைத் தனித்தட்டில் விட்டுவிடலாம். சில நாளில் அதன் குஞ்சுகளை எண்ணினால் நான்கில் ஒரு பங்கு குட்டை! ஒரு தலைமுறையில் காணாமல் போன பண்பு திரும்பி வந்து நெளிகிறது. கட்டம் போட்டுக் கற்றதைவிட இந்த எண்ணிக்கை ஆழமாக மனத்தில் பதியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

எனக்கு மிகப் பிடித்தது நீளப் புழுச் சோதனை. ‘லான்-2’ மரபணு பழுதான, இயல்பைவிட நீளமான இருபாலுயிரியை இயல்பான ஆணோடு சேர்த்தால், கலப்பில் பிறக்கும் ஆண்கள் அத்தனையும் நீளமாக இருக்கும், இருபாலுயிரிகள் இயல்பாக இருக்கும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்குக் கிடைக்கும் ஒரே எக்ஸ் தாயிடமிருந்து வருவது. மனிதர்களில் சிவப்பு, பச்சை நிறக்குருடு ஆண்களிடம் கூடுதலாக இருப்பதற்கும் மகனின் அந்த ஒற்றை எக்ஸ்தான் காரணம்.

இந்தப் புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர். வேதிப்பொருளால் மரபணுக்களில் சடுதிமாற்றங்களை உண்டாக்கி, உருவமோ நடையோ மாறிய சுமார் 300 வகைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 100 மரபணுக்களை அடையாளம் கண்டு 1974-இல் வெளியிட்டார். புழு தானே கருவுறுவதால், ஒரு பிரதியில் மட்டும் நேர்ந்த பழுதுகூடப் பேரப்பிள்ளைகளில் தானாக வெளிப்பட்டது. 2002-இல் அவருக்கும் ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்ட முதல் பலசெல் உயிரியும் இதுவே, 1998-இல்.

கல்லூரி உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நுண்ணோக்கி, அகர் தட்டுகள், நம் வெயிலுக்கு 20 டிகிரியில் நிற்கும் குளிர்பெட்டி, இவ்வளவும் கிடைக்குமானால் இந்தப் புழுவை மாணவர்களிடம் கொடுங்கள். விகிதத்தை அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.