நூடுல்ஸ் இன்றிப் பிறந்த கொரிய விருந்து உணவு: உள்ளூர்ப் பொருள்களில் ஜப்சே செய்வது எப்படி?

திருப்பதி: கொரியாவில் புத்தாண்டு, அறுவடைத் திருநாள், திருமணம் போன்ற விருந்துகளில் இடம்பெறும் உணவு ஜப்சே. கலந்த காய்கறிகள் என்பதே இப்பெயரின் பொருள். 17ஆம் நூற்றாண்டில் அரண்மனையில் பரிமாறப்பட்டபோது இதில் நூடுல்ஸ் இல்லை; சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்த நூடுல்ஸ் 20ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது.

திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியில் கொரியாவின் எல்ஜி நிறுவனம் 2025 மே மாதம் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஆயினும், அந்நாட்டு நூடுல்ஸ் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. சித்தூர், திருப்பதி வாசிகள் அதற்குப் பதிலாக அரிசி சேமியாவைப் பயன்படுத்தலாம்.

நால்வருக்கு 200 கிராம் சேமியாவை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி வடிக்க வேண்டும். கேரட், வெங்காயம், குடைமிளகாய், காளான் ஆகியவற்றை மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்கித் தனித்தனியே வதக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேகும் நேரம் வேறு என்பதே காரணம். பசலைக்கீரையை வெந்நீரில் ஒரு நிமிடம் இட்டுப் பிழிய வேண்டும்.

சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 2 பல், மிளகுத்தூள் சேர்த்துக் கலந்து, சேமியா, காய்கறிகளுடன் மெதுவாகப் பிரட்ட வேண்டும். சாஸிலேயே உப்பு உள்ளதால், சுவைத்த பின்னரே கூடுதல் உப்பு சேர்க்கலாம்.

கொரியர்கள் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெயைச் சேர்ப்பர். நமது நல்லெண்ணெய் பெரும்பாலும் வறுக்காத எள்ளில் ஆட்டப்படுவது. எனவே, 2 தேக்கரண்டி நல்லெண்ணெயுடன் வறுத்துப் பொடித்த எள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் அந்த மணம் கிட்டும்.

வழக்கமாகச் சேர்க்கும் மாட்டிறைச்சியைத் தவிர்த்துக் காளானைக் கூட்டினால் முழுச் சைவ உணவாகும். அரிசி சேமியாவில் அசல் நூடுல்ஸின் இழுபடும் தன்மை இராது. எளிதில் உடையும் என்பதால் உடனே பரிமாறுவது நல்லது.