மஞ்சள் காமாலை... உள்ளே இருப்பது ஒரு வைரஸா, இரண்டா?

கண் லேசாக மஞ்சளித்தால் போதும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, ‘கீழாநெல்லியை அரைச்சுக் குடு’ என்பதுதான். இரண்டு வாரத்தில் மஞ்சள் இறங்கிவிட்டால், ‘மருந்து கேட்டுருச்சு’ என்று நிம்மதியாகிவிடுவார்கள். வந்தது எந்தக் காமாலை என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் முக்கியமாக ஐந்து: ஏ, பி, சி, டி, இ. இவற்றில் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வருபவை. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இ வகை உயிருக்கே ஆபத்தாகலாம். பி, சி, டி மூன்றும் ரத்தம் வழியாகப் பரவுபவை. இவை பல வருடங்கள் சத்தமில்லாமல் உள்ளே இருந்து, கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியவை. இந்தியாவில் பி வைரஸ் உள்ளவர்கள் சுமார் 2.98 கோடி பேர், சி வைரஸ் உள்ளவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை.

கூட்டு சேர்ந்தால்...

பரவும் வழி ஒன்று என்பதால், ஒருவருக்கே பி, சி இரண்டும் இருக்கலாம். டி வைரஸோ, பி இல்லாமல் பிழைக்கவே முடியாதது. பி இருப்பவருக்கு டி-யும் சேர்ந்தால் கல்லீரல் வேகமாகக் கெடும். பி இருப்பது தெரியாமலே வாழ்பவருக்குக் கெட்ட தண்ணீரால் ஏ அல்லது இ தொற்றினால், சாதாரணக் காமாலைகூட கல்லீரல் செயலிழப்பில் முடியலாம்.

ஒன்று போனால் இன்னொன்று விழிக்கும்

சி வைரஸை இன்று குணப்படுத்திவிட முடியும். சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் போன்ற மாத்திரைகளை 12 வாரங்கள் சாப்பிட்டால், நூற்றில் 95 பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். பி, சி இரண்டும் இருப்பவர்களிடம் பெரும்பாலும் சி-தான் பி-யை அடக்கிவைத்திருக்கும். சி வெளியேறியதும், தூங்கிய பி விழித்துக்கொள்ளலாம். இப்படி 24 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 2 பேர் இறந்ததை அடுத்து, 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகளுக்குக் கடும் எச்சரிக்கை விதித்தது.

அதனால், சி-க்கு மாத்திரை தொடங்கும் முன் பி-க்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். பி-யும் இருந்தால், தேவையைப் பொறுத்து டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் சேர்த்துத் தருவார்கள். பி-க்கான மாத்திரையை, ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று நாமாக நிறுத்தக் கூடாது. வைரஸ் திடீரென்று பெருகிவிடும்.

அப்படியானால் கீழாநெல்லி?

சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் பி வைரஸ் உள்ளவர்களுக்கு 30 நாள்கள் கீழாநெல்லி கொடுத்து ஆய்வு செய்தார்கள். 1988-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாகச் சொன்ன அந்த ஆய்வு, உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும் அதில் பங்கேற்றவர். ஆனால், பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை எப்படியும் இறங்கிவிடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்விடும். பி-யையும் சி-யையும் அதை நம்பி விட்டுவிட முடியாது.

என்ன செய்யலாம்?

காமாலை வந்தால், ‘பி, சி இரண்டுக்கும் டெஸ்ட் எடுங்க’ என்று கேளுங்கள். ஒருவருக்கு பி இருந்தால், வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சேர்ந்து சாப்பிடுவதால் பி, சி பரவாது. தட்டை ஒதுக்கிவைக்க வேண்டாம். பிளேடு, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும்.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சி தடுப்புத் திட்டத்தில் பரிசோதனை, மாத்திரை இரண்டும் இலவசம். மதுரைக்காரர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி, பிறகு 6, 10, 14-வது வாரங்களில் அடுத்த தவணைகள். பி வராத உடம்பில் டி-யும் வர முடியாது. ஒரே தடுப்பூசி, இரண்டு வைரஸுக்கும் பூட்டு!