எலும்பு முறிவும் லேசர் சிகிச்சையும்

நெசவாளருக்கும் விவசாயிக்கும் கை கால்களே மூலதனம். ஓர் எலும்பு முறியுமாயின் குடும்பத்தின் வருவாய் இரண்டு மூன்று மாதங்கள் தடைப்படுகிறது. ஆதலின், லேசர் ஒளியைப் பாய்ச்சினால் எலும்பு விரைவில் கூடும் என்று கேள்வியுறும் அங்கத்தினர், கடன் பெற்றேனும் அதனைச் செய்துகொள்ளலாமா என எண்ணுவது இயல்பே. அதனை இங்கு ஆராய்வோம்.

முறிந்த எலும்பு தானே கூடும் தன்மையுடையது. முறிவிடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பின்னர் மென்மையான திசு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. முனைகளை நேர்ப்படுத்தி, அசையாமல் கட்டி வைப்பதே வைத்தியரின் முதற் பணி. அறுந்த பாவிழையின் முனைகள் சேர்ந்தாலன்றி முடிச்சு விழாது என்பதை நெசவாளர் அறிவர்.

லேசர் கருவியை 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தியோடர் மைமன் முதன்முதலில் இயக்கிக் காட்டினார். உலோகத்தை அறுக்கும் லேசர் வேறு, இச்சிகிச்சைக்குரியது வேறு. இதன் ஆற்றல் பொதுவாக அரை வாட்டுக்கு உட்பட்டது, தோலைச் சுடாது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பேராசிரியர் எண்ட்ரே மெஸ்டர் 1960-களின் பிற்பகுதியில், மயிர் மழித்த எலிகளின் மீது இத்தகைய ஒளியைச் செலுத்தியபோது, மயிர் விரைந்து வளரக் கண்டார். பின்னர் ஆறாப் புண்களுக்கும் இதனைப் பயன்படுத்தினார். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உயிரணுக்கள் ஈர்த்துக்கொண்டு அதிக ஆற்றலை உண்டாக்குகின்றன என்றும், அதனால் எலும்பை ஆக்கும் அணுக்களும் ஊக்கம் பெறுகின்றன என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

எலிகளின் கால் எலும்பு இவ்வொளியால் விரைந்து கூடியதாக 1987-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 1996-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலோ அத்தகைய பயன் காணப்படவில்லை. இம்முரண்பாட்டுக்கு ஒரு காரணம் அளவாகும். உரம் குறைந்தால் பயிர் தழைக்காது, மிகுந்தால் கருகும். ஒளியும் அத்தகையதே. மேலும், எலியின் எலும்பு தோலுக்கு அடுத்தே உள்ளது. மனிதனின் தொடை எலும்போ கொழுப்புக்கும் தசைக்கும் அடியில் உள்ளது. ஆழம் செல்லச் செல்ல ஒளி குன்றும். மனிதரிடம் நிகழ்த்திய சோதனைகள் சிலவே. மணிக்கட்டு, கை எலும்பு முறிவுகளில் வலி தணிந்ததாக அவற்றுள் சில கூறுகின்றன. எலும்பு உறுதியாக விரைந்து கூடும் என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

ஆகவே நாம் கூற விரும்புவன இவை: முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வைத்தியரிடம் கட்டிக்கொள்க. மாவுக்கட்டு வேண்டாம், ஒளியே போதும் என்பாரை நம்பற்க. எலும்பு வைத்தியர் இசைந்தால் மட்டும் லேசரைத் துணைச் சிகிச்சையாகக் கொள்ளலாம். அப்போது கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். புற்றுநோய் உள்ள இடத்தில் வைத்தியரின் அனுமதியின்றி ஒளியைப் பாய்ச்சலாகாது. புகையிலையை விடுதலும், நீரிழிவைக் கட்டுப்படுத்துதலும், பால், முட்டை, பருப்பு உண்ணுதலும் எலும்பு கூடத் துணைபுரியும். இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை.

கடன் பெற நேரின், அது எலும்பை நேர்ப்படுத்தும் சிகிச்சைக்கும், வேலையற்ற நாட்களின் உணவுக்கும் ஆகுக. நிலைநாட்டப்படாத பயனை நம்பி வட்டியைச் சுமக்க வேண்டுவதில்லை.