தளர்ந்த பிளக்கும் எஞ்சினின் ஆயுளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. துலா மிதித்து நீர் இறைத்த காலம் மாறி, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சின்கள் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தன. அத்தகைய எஞ்சின் ஒன்று ஒருநாட் காலையில், வழக்கத்துக்கு மாறாக, புஸ் புஸ் என்று சீறத் தொடங்குகிறது. இழுவை குறைகிறது, வாய்க்காலில் நீர் மெலிகிறது. தோட்டக்காரர் குனிந்து பார்க்கிறார். பிளக் தளர்ந்திருக்கிறது. ஸ்பனரை எடுத்து இறுக்குகிறார்; சீற்றம் நிற்கிறது. இரண்டு கிழமையில் அது மீண்டும் தளர்கிறது. முன்னிலும் பலமாக இறுக்குகிறார். மூன்றாவது தடவை ஸ்பனர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிளக் இறுகுவதில்லை. பயிர் நீருக்கு ஏங்கி நிற்கும் வேளையில் எஞ்சின் கராஜுக்குப் போகிறது.

தளர்ந்ததை இறுக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்ற எண்ணமே இந்த இழப்புக்குக் காரணம். பிளக் ஏன் தளர்ந்தது, அது தளர்ந்திருந்த வேளையில் உள்ளே எது கெட்டது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே ஸ்பனரைத் தொடுதல் வேண்டும்.

பிளக்கின் வேலை தீப்பொறி எழுப்புவது என்பதை எல்லோரும் அறிவர். அதற்கு வேறு இரண்டு கடமைகளும் உண்டு. சிலிண்டர் தலையிலுள்ள துவாரத்தை அடைத்து, எரிவாயு வெளியேறாமற் காப்பது ஒன்று. தன் முனையில் ஏறும் வெப்பத்தைச் சிலிண்டர் தலைக்குக் கடத்திவிடுவது மற்றொன்று. எரியும் வாயுவின் வெப்பம் ஒரு கணத்துக்கு 2000 பாகை சென்ரிகிரேட்டையும் தாண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் நான்கடிப்பு எஞ்சினில் இத்தகைய எரிதல் 1500 தடவை நிகழ்கிறது. இவ்வளவு வெப்பத்திலும் பிளக்கின் முனை உருகாதிருப்பதற்குக் காரணம், அவ்வெப்பத்தின் பெரும்பங்கு பிளக்கின் புரிகள் வழியாகவும், அதன் கழுத்திலுள்ள வாசர் வழியாகவும் சிலிண்டர் தலைக்குச் சென்றுவிடுவதேயாகும். வாசர் தலையில் இறுகப் பதிந்திருக்கும்வரை இந்த வழி திறந்திருக்கும், தளர்ந்தால் அடைபட்டுவிடும்.

அதன் பின் கேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவதாக, சூடான வாயு புரிகளுக்கிடையே பீறிட்டு வெளியேறுகிறது. அமுக்கம் குறைவதால் எஞ்சினின் வலுவும் குறைகிறது. இரண்டாவதாக, ஒவ்வோர் எரிதலின்போதும் பிளக் துவாரத்துள் அசைந்து புரிகளை அரைக்கிறது. பிளக்கின் உடல் உருக்கு. இக்காலச் சிறு எஞ்சின்களின் தலை பெரும்பாலும் அலுமினியம். உருக்கும் அலுமினியமும் உராயும்போது தேய்வது அலுமினியமே. மூன்றாவதாக, வெப்பம் போக வழியின்றிப் பிளக்கின் முனை செந்தணலாகிறது. அந்நிலையில் தீப்பொறிக்காகக் காத்திராமல், தணலாயுள்ள முனையே எரிபொருட் கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. பிஸ்டன் மேலே ஏறிவரும்போதே எதிரே தீ மூண்டால், அதன் தலை அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. அலுமினியம் 660 பாகையில் உருகும் உலோகம். பிஸ்டனின் உச்சியில் துளை விழுந்த எஞ்சின்கள் பலவற்றின் கதை இவ்வாறே முடிந்திருக்கிறது.

நோயை அறிந்த பின்னரே மருந்து. எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக்கின் அடியைச் சுற்றிச் சில துளி எண்ணெய் விட்டு எஞ்சினைக் கையாற் சுழற்றினால், கசிவு உள்ள இடத்தில் குமிழ்கள் எழும். பிளக்கைக் கழற்றுமுன் அதன் அடியிலுள்ள மண்ணையும் தூசியையும் நன்றாகத் துடைத்துவிடுதல் வேண்டும். இல்லையேல் அவை சிலிண்டருக்குள் விழும். சூடான அலுமினியத் தலையிலிருந்து பிளக்கைக் கழற்றினால் நல்ல புரியும் உரிந்து வரக்கூடும். கழற்றிய பிளக்கே பல செய்திகளைச் சொல்லும். அதன் பீங்கான் வெளிறிக் கொப்புளித்திருந்தாலும், முனை உருகியிருந்தாலும், அது அளவுக்கு மீறிச் சூடேறியது உறுதி. புரிகளில் வெள்ளிநிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தால், சிலிண்டர் தலையின் புரி உரிந்துவிட்டது என்பது பொருள்.

புரியில் கரியும் சிறு சிதைவும் மட்டுமே இருந்தால் திருத்தம் எளிது. புரியைத் துப்புரவாக்கும் டப் என்னும் கருவியின் பள்ளங்களில் கிறீஸ் பூசிக் கையால் மெல்லச் செலுத்தினால், துகள்கள் கிறீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

புரி முழுதும் உரிந்துவிட்டால் புதுப்புரி அமைத்தல் வேண்டும். ஹெலிகொயில் எனப்படும் கம்பிச்சுருளை இதற்குப் பயன்படுத்துவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமான எஞ்சின்களின் அலுமினியத் தலைகளிலேயே இம்முறை கையாளப்பட்டது. துவாரத்தில் சற்றுப் பெரிய புரியை வெட்டி, துருப்பிடிக்காத உருக்குக் கம்பிச்சுருளை அதனுள் செலுத்துவர். சுருளின் உட்புறம் பிளக்குக்கு உரிய பழைய அளவுப் புரியாகவே அமைந்துவிடும். தேய்ந்த அலுமினியப் புரியின் இடத்தில் உருக்குப் புரி வந்துவிடுவதால், திருத்திய துவாரம் முன்னிலும் உறுதியாக இருப்பதுண்டு.

இவ்வேலையில் கவனிக்கவேண்டியவை மூன்று. டப் சற்றும் சாயாமல் நேராக இறங்குதல் வேண்டும். சாய்ந்தால் வாசர் ஒரு பக்கம் மட்டுமே பதிந்து, மீண்டும் கசிவு ஏற்படும். சுருள் துவாரத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருத்தல் வேண்டும். அதன் அடிமுனை எரியறைக்குள் நீண்டால் அதுவே தணலாகித் தீ மூட்டும். உலோகத் துகள் ஒன்றுகூடச் சிலிண்டருக்குள் தங்கலாகாது. ஆதலால் சிலிண்டர் தலையைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்வதே சிறந்தது. அப்போது பிஸ்டனின் உச்சியையும் சிலிண்டரின் சுவரையும் கண்ணாற் பார்த்துவிடலாம். பிஸ்டனில் துளையோ உருகிய வடுவோ இருந்தால், புரியைத் திருத்தியது மட்டும் பயன் தராது. பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றியே ஆகவேண்டும். துவாரத்தைச் சுற்றி வெடிப்புக் கண்டிருந்தால் தலையையே மாற்றுவது நலம்.

செலவுக்கு அஞ்சிச் சிலர் பிளக்கின் புரியில் நூலைச் சுற்றுவதும், இரண்டு வாசர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும் உண்டு. நூல் எரிந்துபோகும். இரண்டு வாசர் வைத்தால் பிளக் மேலே ஏறி, அதைப் பற்றியிருக்கும் புரிகளின் தொகை குறையும். வெறுமையான அடிப்புரிகளில் கரி அடைந்து, அடுத்த பிளக் இறங்குவதற்கும் தடையாகும்.

புதிய பிளக்கை முதலில் விரலாலேயே திருகுதல் வேண்டும். பாதியில் தடைப்பட்டால் கழற்றி மீண்டும் தொடங்கவேண்டும்; ஸ்பனரால் வலிந்து செலுத்தலாகாது. வாசர் தலையைத் தொட்ட பின்னர், புதிய வாசரானால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரையும், ஏற்கெனவே நசுங்கிய வாசரானால் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரையும் இறுக்கினால் போதும். விசையை அளந்து காட்டும் ஸ்பனர் உள்ளவர்கள், அலுமினியத் தலையில் 14 மில்லிமீற்றர் பிளக்கை ஏறத்தாழ 25 முதல் 30 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கலாம். எஞ்சினுக்குரிய கைந்நூலில் வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றல் வேண்டும்.

குறைவாக இறுக்கினால் பிளக் கெடும். மிகையாக இறுக்கினால் புரி கெடும். தளர்ந்த பிளக்கை மேலும் மேலும் இறுக்கியவர் முதற் குற்றத்துக்கு இரண்டாங் குற்றத்தைப் பரிகாரமாகச் செய்தவராவார். சீற்றம் கேட்ட முதல் நாளிலேயே எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் புரியைப் பார்த்திருந்தால், ஒரு புதிய வாசரோடு அவர் வேலை முடிந்திருக்கும். பயிரும் வாடியிராது.