கல்லூரி பிடிக்கவில்லையா?

பிளஸ் டூவில் என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்து கேட்பது இதுதான்: "காலேஜ் பிடிக்கல மிஸ், மாறிடட்டுமா?"

எது பிடிக்கவில்லை என்று துருவிக் கேட்பேன். ஒரு பையன் பெருங்களத்தூரில் ரயிலேறி, பஸ் மாறி, ராத்திரி எட்டுக்குத்தான் வீடு திரும்புவான். அலுப்பில் படிப்பையே வெறுத்தான். ஹாஸ்டலில் சேர்ந்ததும் தெளிந்தான். பாடமே ஒட்டவில்லை என்றால் கதை வேறு, தயங்காமல் மாறலாம்.

ஆனால் தேதி முக்கியம். 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31-க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தர பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவிட்டது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே சொல்லிவிட்டது. புது இடம் உறுதியாகாமல் மட்டும் டி.சி. வாங்கிவிடாதீர்கள்.